பெயர் தெரியாத வில்லன்

(எங்கள் ஊர்த் திரைப்பட ரசிகர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு நண்பர் போன் செய்தார். "காமிக்ஸ் படத்து வில்லனைப் பத்திப் பேசறீங்க, சரி. அதுல யாருக்கும் தெரியாத வில்லனா தேடிப் பிடிச்சுப் பேசணுமா? பேட்மேனோட எதிரி ஜோக்கர்னு போட்டா நாலு பேர் கூட வருவாங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் கணக்குப் போடுவதும் இப்படித்தான். தெரிந்த முகத்தைப் போஸ்டரில் போட்டால் கூட்டம் வரும். அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

1997-ல் 'பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. டைட்டிலில் பேட்மேனாக நடித்த ஜார்ஜ் க்ளூனியின் பெயருக்கு முன்னால் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸாக நடித்த அர்னால்டின் பெயர். வில்லனை நம்பியே கட்டிய படம். போதாததற்குப் பாய்சன் ஐவி, பேன் என்று இன்னும் இரண்டு பேர். ஆனாலும் படம் குப்புற விழுந்தது. அடுத்த எட்டு வருடம் பேட்மேன் படமே வரவில்லை.

இந்த மிஸ்டர் ஃப்ரீஸின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இந்த ஒரு ஆளின் ஜாதகத்தில் இருக்கிறது. 1959-ல் காமிக்ஸில் முதன்முதலாக வந்தபோது அவன் பெயர் மிஸ்டர் ஸீரோ. கையில் ஐஸ் துப்பாக்கி, தொழில் திருட்டு. அவ்வளவுதான். எதற்குத் திருடினான், வீட்டில் யார் இருக்கிறார்கள், ராத்திரி தூக்கம் வருமா, ஒன்றும் தெரியாது. பேட்மேனின் எதிரிகளை வரிசையில் நிற்க வைத்தால் கடைசி பெஞ்ச். 1960களின் டிவி தொடர் அவனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாற்றியது. ஆனாலும் பெஞ்ச் மாறவில்லை.

1992-ல் பேட்மேன் கார்ட்டூன் தொடர் ஒன்று ஆரம்பித்தது. அதன் ஓர் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்த பால் டினி அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார். நோரா. தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் அவளை உறைநிலையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறான் விஞ்ஞானியான கணவன். கம்பெனி முதலாளி வந்து, செலவு தாங்காது என்று ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்கிறான். நடக்கிற தள்ளுமுள்ளில் ரசாயனம் மேலே கொட்டி, குளிரில் மட்டுமே உயிர் வாழக்கூடிய உடம்பாகிவிடுகிறது அவனுக்கு. கடைசிக் காட்சியில் சிறைக்குள் உட்கார்ந்து ஒரு சின்னக் கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே பனி விழும், ஒரு பெண் பொம்மை சுழலும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்துக்கொண்டே பார்க்கிற பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி ஐயா இது. அதற்கு எம்மி விருது கிடைத்தது. பிறகு காமிக்ஸ்காரர்களே தங்கள் பழைய கதையைத் தள்ளிவிட்டு இந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள்.

டினிக்கு இதையெல்லாம் செய்ய எப்படி முடிந்தது? மிஸ்டர் ஃப்ரீஸ் யாருக்கும் வேண்டாதவனாக இருந்தான், அதனால் முடிந்தது. ஜோக்கருக்கு இப்படி ஒரு மனைவியைக் கொடுத்துப் பாருங்கள், ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பேர்போன வில்லன் கடனோடு வருகிறான். போன படத்து நடிகருக்குக் கடன், அறுபது வருடத்து வாசகர்களுக்குக் கடன், பொம்மை விற்கிறவருக்கும் கடன். கடைசி பெஞ்ச் பையனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் 1997 படத்தில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதிலும் நோரா இருந்தாள். ஆனால் அர்னால்ட் வாயைத் திறந்தால் ஐஸ் ஜோக். பேழைக்குள் பெண்டாட்டி, வெளியே கடி ஜோக். எப்படி ஒட்டும்?

சரி, 2005-க்கு வருவோம். கிறிஸ்டோபர் நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்' எடுக்கிறார். செத்துப்போன தொடருக்கு உயிர் கொடுக்க வேண்டும். ஜோக்கரைக் கூப்பிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் எடுத்தது ஸ்கேர்குரோவை. சோளக்கொல்லை பொம்மை. 1941-லேயே காமிக்ஸில் வந்துவிட்டவன், ஆனால் அதற்கு முன் ஒரு பேட்மேன் திரைப்படத்திலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அதில் நடித்த கிலியன் மர்ஃபி முதலில் பேட்மேன் வேடத்துக்கான தேர்வுக்கு வந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. ஸ்கேர்குரோவுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வில்லன் ராஸ் அல் கூல். 1971-ல் காமிக்ஸில் பிறந்தவர். தியேட்டருக்கு வந்த பெரும்பாலோருக்கு அவரையும் தெரியாது.

ஏன் இவர்கள்? அந்தப் படம் பயத்தைப் பற்றியது. பின்னாளில் பேட்மேனாகப் போகிற சிறுவன் புரூஸ் கிணற்றில் விழுந்து வௌவால்களைப் பார்த்து நடுங்குகிறான். பிறகு ஒரு ராத்திரி, ஆபரா அரங்கில் மேடையில் வௌவால் மாதிரி வேடங்களைப் பார்த்துப் பயந்து, வெளியே போகலாம் என்று அப்பாவைக் கூப்பிடுகிறான். வெளியே சந்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் சுடப்படுகிறார்கள். நான் பயந்ததால்தான் செத்தார்கள் என்று அந்தப் பிள்ளை மனதில் ஒரு முள். இப்படிப்பட்டவனுக்கு எதிரே யாரை நிறுத்துவீர்கள்? பயத்தையே புகையாக ஊதுகிறவனை. ஸ்கேர்குரோவின் மொத்தச் சரக்கும் அந்த ஒரு புகைதான். வேறு படத்தில் அவன் சில்லறை வில்லன். இந்தப் படத்தில் ஹீரோவுக்கு எங்கே வலிக்குமோ அங்கே நேராகக் கை வைக்கிறான். ஜோக்கர் சீட்டைக் கடைசி நிமிடத்தில் காட்டி, அடுத்த படத்துக்குப் பத்திரமாக எடுத்து வைத்தார் நோலன். விருந்தாளியை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று தெரிந்த ஆள்.

நான் பார்க்கிற அளவுகோல் இந்த ஒன்றுதான். வில்லன் பிரபலமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். இந்த ஹீரோவின் வலி தெரிந்தவனா?

2017-ல் வந்த 'ஸ்பைடர் மேன்: ஹோம்கமிங்' படத்தின் வல்ச்சரைப் பாருங்கள். 1963 காமிக்ஸில் அவர் ஒரு வழுக்கைத் தலைக் கிழவர், பச்சை உடை, இறக்கை. காமிக்ஸ் வாசகருக்குப் பழகியவர், திரைக்குப் புதியவர். படத்தில் அவராக வரும் மைக்கேல் கீட்டன் யார்? இடிபாடுகளை அள்ளுகிற காண்டிராக்டர். நியூயார்க்கில் சூப்பர் ஹீரோ கூட்டமான அவெஞ்சர்ஸ் சண்டை போட்டுக் கட்டடங்களை உடைத்தார்களே, அந்தக் குப்பையை அள்ளக் கடன் வாங்கி லாரி பிடித்தவர். அந்தக் கூட்டத்து அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கும் அரசாங்கமும் சேர்ந்து தொடங்கிய ஒரு துறை வந்து, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போ என்கிறது. ஹீரோ பீட்டருக்கோ டோனி ஸ்டார்க் சாமி மாதிரி. அந்தச் சாமி யார் வயிற்றில் அடித்தது என்று காட்ட வந்தவர் வல்ச்சர். பொருத்தம் எப்படி?

பெயர் தெரியாத வில்லனுக்குச் செலவும் உண்டு. அறிமுகம் செய்ய நேரம் வேண்டும். நம் தெருக்கூத்தில் துரியோதனனுக்கே அறிமுகம் உண்டு. ஊருக்கே தெரிந்த ராஜா, ஆனாலும் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், கட்டியங்காரன் யாரு என்னவென்று விசாரிப்பான். அந்தப் பொறுமை சினிமாவில் கிடைப்பதில்லை. ஹோம்கமிங்கில் ஹீரோ முகத்தைக் காட்டும் முன்பே அந்தக் காண்டிராக்டர் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்கள் பிறகு வட்டியோடு திரும்பி வருகின்றன. விழாவுக்குப் பெண்ணைக் கூப்பிட வந்து பீட்டர் கதவைத் தட்டுகிறான், திறப்பது வல்ச்சர். பெண்ணின் அப்பா. அப்புறம் அந்தக் கார்ப் பயணம். சிக்னலில் வண்டி நிற்கிறது, விளக்கு பச்சையாகிறது, அந்த வெளிச்சம் கீட்டன் முகத்தில் விழுகிற நேரத்தில் பையன் யார் என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு குத்து கிடையாது, ஒரு வெடி கிடையாது. காமிக்ஸைக் கரைத்துக் குடித்தவனுக்கும் தூக்கிவாரிப் போட்ட காட்சி, ஏனென்றால் இந்த மகள் விவகாரம் காமிக்ஸில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதில் கலை ஒன்றும் இல்லை, வெறும் பத்திரம் பட்டா சமாச்சாரம். ஸ்பைடர் மேன் காமிக்ஸ் போடுகிற மார்வெல் 1996-ல் திவால் மனு போட்ட கம்பெனி. அந்தக் காலத்தை ஒட்டி ஸ்பைடர் மேன், எக்ஸ்மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் எல்லாவற்றின் பட உரிமையும் வெளியே போய்விட்டது. ஹீரோ போனால் கூடவே அவரவர் வில்லன்களும் போவார்கள். டாக்டர் டூமும் மேக்னீட்டோவும் அடுத்த வீட்டில். பிறகு மார்வெல் சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது, வீட்டில் மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் சமைக்க வேண்டியிருந்தது. 2017-ல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டாம் பாகத்துக்கு டைரக்டர் ஜேம்ஸ் கன் ஈகோ என்கிற வில்லனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கிரகமே வில்லன், 1966-ல் மார்வெலின் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்தது. எழுதியபிறகு பார்த்தால் அந்த உரிமை எக்ஸ்மென் படங்களை எடுத்த ஃபாக்ஸ் கம்பெனியிடம். நல்லவேளை, அங்கே 'டெட்பூல்' எடுக்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பாத்திரத்தின் சக்தியை மாற்ற மார்வெலின் அனுமதி தேவைப்பட்டது. இவர்கள் அதைக் கொடுத்தார்கள், அவர்கள் கிரகத்தைக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கப் சர்க்கரை வாங்கிய மாதிரி ஒரு கிரகத்தை வாங்கியிருக்கிறார்கள்.

தெரியாத வில்லன் என்றாலே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 2013-ல் தோர் இரண்டாம் படத்தில் மாலகித். 1984-ல் வால்ட்டர் சைமன்சன் படைத்தபோது அவன் பெரிய குசும்பன், சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பான். படத்தில் அந்தச் சிரிப்பைப் பிடுங்கிவிட்டார்கள். உலகத்தை இருட்டாக்க வேண்டுமாம். ஏன்? இருட்டில் பிறந்த இனமாம். கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன் நல்ல நடிகர். அவ்வளவு மேக்கப்புக்குள் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்பன்வுல்ஃப் கதை இதைவிடச் சுவையானது. 2017 'ஜஸ்டிஸ் லீக்' படத்தில் வந்து, கோடாரி வீசி, போனான். தியேட்டரைவிட்டு வெளியே வந்தவருக்கு அவன் பெயர் ஞாபகமில்லை. 2021-ல் அதே படத்தை டைரக்டர் ஸாக் ஸ்னைடர் தன் வடிவில் நாலு மணி நேரத்துக்கு வெளியிட்டார். அதே வில்லன், அதே நடிகரின் குரல். ஆனால் இந்த முறை அவனுக்கு ஒரு கடன் இருந்தது. ஒரு காலத்தில் எஜமானுக்குத் துரோகம் செய்தவன், பரிகாரமாக இன்னும் ஐம்பதாயிரம் உலகங்களைப் பிடித்துக் கொடுத்தால்தான் வீட்டுக்குள் சேர்ப்பார்கள். தூதுவன் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான் அந்த ராட்சசன். நாலு மணி நேரம் எனக்கும் அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் அவன் பெயர் மறக்கவில்லை.

கடைசியாக ஸ்பாட். 1980களின் நடுவில் காமிக்ஸில் வந்தவன். உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டும் ஒரு ஓட்டை, கையை இங்கே விட்டால் வேறெங்கோ வெளியே வரும். பெயரைக் கேட்டு ஸ்பைடர் மேனே சிரித்தார். 2023-ல் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' எடுத்தவர்கள் அந்தச் சிரிப்பையே கதையாக்கினார்கள். தமிழ் டப்பிங்கிலும் வந்தது, இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். முதல் காட்சியில் அவன் ஒரு கடையில் ஏ.டி.எம். மெஷினைத் திருடத் தெரியாமல் திருடுகிறான். இந்தப் படத்து ஸ்பைடர் மேனான மைல்ஸுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மா காத்திருக்கிறார்கள், இவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. இந்த வாரத்து வில்லன் என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறான். அது ஸ்பாட்டின் காதில் விழுகிறது. வேலை போய், முகம் போய், குடும்பமும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு ஆளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? படம் போகப்போக அந்தப் பொட்டுகள் பரவி, கடைசியில் அவனைப் பார்க்கவே பயமாக இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், மைல்ஸைக் கடித்த சிலந்தியை வேறு உலகத்திலிருந்து கொண்டுவந்தது இவன் செய்த ஆராய்ச்சிதான். நீ ஸ்பைடர் மேனாக ஆகியிருக்கவே கூடாது என்று ஊரே சொல்லப்போகிற பையனுக்கு, அந்தத் தப்பின் உயிருள்ள சாட்சி இந்தக் கோமாளி.

நம்மூர் காமிக்ஸ் வாசகர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமாக இருக்காது. நாம் கொண்டாடின இரும்புக்கை மாயாவியே பிரிட்டிஷ் மூலக்கதையின் தொடக்கத்தில் கெட்டவன்தானே. இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆளான கூர்மண்டை ஸ்பைடரும் அப்படியே.

முன்வரிசையில் ஒரு தம்பி, நீங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். கைட் மேன். சிரிக்காதீர்கள். 1960-ல் பேட்மேன் காமிக்ஸில் வந்த பட்டக்காரன். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பறந்து திருடுவான். பல வருடம் அவன் பெயரைச் சொன்னாலே கேலிதான். 2017-ல் டாம் கிங் அவன் கதையைத் திருப்பி எழுதினார். ஜோக்கருக்கும், பேட்மேனின் இன்னொரு எதிரியான ரிட்லருக்கும் நடக்கிற சண்டையின் நடுவில் சிக்கிக்கொண்ட ஒரு சாதாரண ஆள் அவன். அவனுக்கு ஒரு சின்னப் பையன், பட்டம் விடப் பிடிக்கும். ரிட்லர் அந்தப் பட்டத்து நூலில் விஷம் தடவிவிடுகிறான். பட்டத்து நூல் உயிரை எடுக்கும் என்பதைச் சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பையன் இறந்தபிறகுதான் அப்பா பட்டத்தைத் தோளில் கட்டிக்கொள்கிறார்.

எதிரே யார் நிற்கிறார் பாருங்கள். எட்டு வயதில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவர். அவர் முகமூடி போட்டது எதற்கோ அதற்குத்தான் இந்த ஆளும் பட்டத்தைக் கட்டியிருக்கிறான். அவனை அடிக்கப் பேட்மேனுக்குக் கை எப்படி எழும் என்று பார்க்க நான் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.

இன்னும் இரண்டு சீட்டு வந்திருக்கிறது. கையெழுத்து புரியவில்லை, எழுதினவர் எழுந்து கேட்டுவிடுங்கள்.