உயிரோட விட்டு எடுக்கிற கம்பளி

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு இந்தாள் ஏன் கம்பளியைப் பற்றிக் கதைக்குது எண்டு நினைப்பீங்கள். எங்கட ஊர்ச் செம்மறிக்குக் கம்பளி இல்லை, வெறும் மயிர்தான், மார்கழிப் பனிக்கு நாங்களும் ஒரு போர்வையோட சமாளிச்சுப் போடுவம். ஆனா வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த ஸ்வெட்டர், சால்வை எத்தினை வீட்டு அலுமாரியில கிடக்கு? அது எந்த மிருகத்தின்ர மயிர், அதை எப்பிடி எடுத்தவை எண்டு நான் கனகாலமா கேட்டுக்கொண்டு திரியிறன்.

தென்னமெரிக்காவில அந்தீஸ் மலையில, மூவாயிரம் மீட்டருக்கும் மேல, விக்குன்யா எண்டு ஒரு காட்டு மிருகம் இருக்கு. ஒட்டகத்தின்ர சொந்தம்தான், ஆனா மான் மாதிரி மெல்லிசு. மயிர் இழை 12, 13 மைக்ரோன்தான், ஒரு மைக்ரோன் எண்டா மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒரு பங்கு, அவ்வளவு மெல்லிசு. ஒருக்கா கத்தரிச்சா ஒண்டில கிட்டத்தட்ட 200 கிராம்தான் கிடைக்கும், அதால விலை பயங்கரம். அந்த விலைதான் அதுக்கு யமன், சுட்டுச் சுட்டு 1960களில மொத்தமாவே ஒரு 10,000 மட்டிலதான் மிச்சம்.

இப்ப நான் சொல்ல வந்த சங்கதி. அங்க முந்தி ஆண்ட இன்கா அரசர் காலத்திலயிருந்தே 'சக்கு' எண்டு ஒரு வழக்கம். ஊர்ச்சனம் முழுக்க, கிழவன் கிழவி பெடி பெட்டை எல்லாம், கலர்க் கலராத் துணி கட்டின நீளக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு மலையில வரிசையா நடப்பினம், நடந்து நடந்து வளைச்சு, மந்தையை மெதுவா ஒரு பட்டிக்குள்ள கொண்டுவந்து, மயிரைக் கத்தரிச்சுப்போட்டுத் திருப்பி மலைக்கே விட்டுடுவினம். கொல்லேல்லை பாருங்கோ, விட்டுடுவினம். நாங்கள் பனையில ஓலை வெட்டினாலும் குருத்தில கை வைக்கிறதில்லையே, அதே கணக்குத்தான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, மயிர் வளர்ந்த பிறகுதான் திரும்பப் பிடிக்கிறது. 1969இல பெருவும் பொலிவியாவும் பிறகு சிலி, ஆர்ஜென்டினாவும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு வேட்டையைத் தடுத்தினம், பிறகு உயிரோட கத்தரிக்கிற உரிமையை ஊர்ச்சனத்திட்டக் குடுத்தினம். இப்ப விக்குன்யா நாலு லட்சத்துக்கு மேல இருக்கு. உயிரோட இருந்தாத்தான் எங்களுக்குக் காசு எண்டு தெரிஞ்ச சனம் வேட்டைக்காரனிட்டயிருந்து அதைத் தாங்களே காவல் காக்கும், இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

மண்ணுக்கும் நல்லம். காலடி மெத்தை மாதிரி, ஆட்டுக் குளம்பு மாதிரி நிலத்தைக் கிளறாது. ஒரே இடத்தில புழுக்கை போடுற பழக்கம், அந்த வறண்ட இடத்தில புல்லு முளைக்கிறதும் அதைச் சுத்தித்தான்.

ஆனா எல்லாம் சரி எண்டு நான் சொல்லேல்லை. வளைச்சுப் பிடிக்கிறதே அதுக்குப் பயம், கடும் குளிரில கத்தரிச்சா விறைச்சுச் சாகவும் கூடும், வயித்தில குட்டியோட இருக்கிறதைத் தொடப்படாது. சில இடத்தில வேலி போட்டு அடைச்சு வைச்சிருக்கினம், அது எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை, நெருக்கமா நிண்டா சொறி பரவும், மேய்ச்சலும் குறையும். துணி விக்கிற கம்பனிக்குப் போற காசில ஊர்ச்சனத்துக்குக் கிடைக்கிறதும் கொஞ்சம்தான்.

திபெத்தில சிரு எண்டு ஒரு மான் வகை இருக்கு, அதின்ர மயிரில நெய்யிறது ஷாதூஷ் சால்வை. அதை உயிரோட பிடிச்சுக் கத்தரிக்கிற வழக்கமே இல்லை, ஒரு சால்வைக்கு மூண்டு, நாலு மானைக் கொல்லவேணும், அதால உலக வியாபாரமே தடை. ஆரும் அன்பளிப்பாத் தந்தாலும் வாங்காதேங்கோ.

நேரம் முடிஞ்சுதெண்டு உள்ளுக்க கை காட்டினம். கனடாவின்ர வட துருவப் பக்கம் மஸ்க் ஆக்ஸ் எண்டு மாடு மாதிரி ஒரு சடை மிருகம் இருக்கு, வசந்தத்தில அதின்ர உள்மயிர் தானாக் கழண்டு புதருகளில தொங்கும், அதைப் பொறுக்கி நூல் நூற்கினம், மிருகத்தைத் தொடவே தேவையில்லை. அந்தப் பக்கம் ஆரும் சொந்தக்காரர் இருந்தா விசாரிச்சுப் பாருங்கோ. நன்றி, வணக்கம்.