காய்ச்சும் கையே!

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், என் அணிக்கும், மணியை இப்பவே கையில தூக்கி வச்சிருக்கிற தம்பிக்கும் வணக்கம். நேரம் குறைவு. அதனால நேரா கோழிக்கு வந்துடுறேன்.

ஆமாங்க, கோழிதான். "மெஸ்காலின் பெருமைக்குக் காரணம் காய்ச்சும் கையா, ஊற்றும் கையா?"ன்னு தலைப்பு கொடுத்திருக்கீங்க. ஊற்றும் கைன்னா பார்ல கலந்து ஊத்துறவர். காய்ச்சும் கைன்னா என்னன்னு இந்த ஒரு கோழி சொல்லிடும். மெஸ்கால்னா கற்றாழையிலேருந்து வடிக்கிற மெக்சிகோ சரக்கு. அங்கே வஹாகா மாநிலம். ரெண்டு தடவை வடிச்சு முடிச்ச மெஸ்காலை எடுத்து மூணாவது தடவை வாலையில, அதாவது சரக்கு வடிக்கிற பாத்திரத்துல, ஊத்துறாங்க. கூடவே காட்டு ஆப்பிள், பிளம், வாழைப்பழம், அன்னாசி, பாதாம், கொஞ்சம் வெள்ளை அரிசி. பார்க்கிறவன் பாயசம்னு நினைப்பான். நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு நிக்கிறப்ப, வீட்டம்மா உள்ளேருந்து ஒரு பச்சைக் கோழியோட வர்றாங்க.

தோலை உரிக்கிறாங்க. கொழுப்பைச் சுத்தமா எடுக்கிறாங்க. கழுவுறாங்க. நெஞ்சுக்கறியைக் கயித்துல கட்டி வாலைக்குள்ளே தொங்க விடுறாங்க. அடியில சரக்கு கொதிக்குது, மேல கோழி ஊஞ்சலாடுது! இதுக்குப் பேருதான் பெச்சூகா. கல்யாணம், ஊர்த் திருவிழா மாதிரி பெரிய விசேஷத்துக்கு வடிக்கிறது. அம்மா, கைதட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம், கோழி இன்னும் வேகலை.

கயிறு ஒரு ஜாண் நீளமாப் போச்சுன்னு வைங்க. கோழி சரக்குல முங்கிடும். அப்ப அது மெஸ்கால் இல்லை, சூப்பு! கொழுப்பை ஒழுங்கா எடுக்கலையா? உருகிச் சொட்டி, சிக்கு வாடை ஏறிடும். ஆவி மட்டும்தான் கறியைத் தடவிட்டுப் போகணும். குடிச்சா கோழி மணக்காது. பழ வாசனை முன்னால வரும், நாக்குல ஒரு வழவழப்பு தங்கும். அந்த வழவழப்பு கோழியாலயா, மூணாவது வடியாலயான்னு அங்கேயே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம், நடுவர் ஐயாவுக்கு டிக்கெட் போட்டுடலாம். சில ஊர்ல கோழிக்குப் பதில் முயல் தொங்கும், மான் தொங்கும். ஒரு கம்பெனி ஸ்பெயின் நாட்டுப் பன்றித் தொடையையே தொங்க விட்டுடுச்சு. இத்தனையும் தொங்குது, எதிரணியோட வாதம் மட்டும்தான் நிக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை!

சரி. எதிரணி அம்மா பேசும்போது ஒரு போடு போட்டாங்க. "குழி வெட்டி, கட்டையை எரிச்சு, மேல மண்ணைப் போட்டு மூடுறது ஒரு கலையா? எங்க ஊர்ல இதைச் செங்கல் சூளைம்போம். அந்தக் கருகல் வாடைச் சரக்கை மனுசன் குடிக்கிற மாதிரி ஆக்கினது பார்காரன்தான்"னாங்க. நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன், ஒத்துக்கிறேன். ஆனா அம்மா, சூளைக்கு வாங்க, இறங்கியே பார்த்துடுவோம்.

நம்ம ரயில் பாதை ஓரமா முள்ளு நீட்டிக்கிட்டு நிக்குதே ஆனைக்கற்றாழை, அதோட சொந்தபந்தம்தான் மெஸ்கால் கற்றாழை. பூர்வீகம் மெக்சிகோ. இலையை எல்லாம் அரிவாளால சீவிட்டா நடுவுல ஒரு குண்டுக் கட்டை மிஞ்சும். அதுல இருக்கிறது அரிசி, சோளத்துல இருக்கிற மாவுச்சத்து இல்லை, ஃப்ரக்டான். ஈஸ்டுக்கு அதை அப்படியே திங்க வராது. பல மணி நேரம் சூட்டுல கிடந்து அது உடைஞ்சு, பழச்சர்க்கரையா மாறணும். அதுக்குத்தான் குழி. உங்க சூளையில மண்ணு கல்லாகுது. இந்தக் குழியில கல்லு மாதிரி கிடக்கிற கட்டை தேனாகுதும்மா!

கூம்பு மாதிரி குழி. அடியில ஓக் விறகு, இல்லைன்னா மெஸ்கீட். அதுமேல ஆத்துக் கல்லு. கல்லு சிவக்கிற வரைக்கும் மணிக்கணக்கா எரிக்கணும். விறகு எரிஞ்சு அடங்கிக் கங்காகிற வரைக்கும் கட்டையை இறக்கக் கூடாது. அவசரப்பட்டு இறக்கினா பச்சைப் புகை ஏறிக் கசக்கும். கல்லு மேல நேராவும் போடக் கூடாது. போன தடவை பிழிஞ்ச கற்றாழைச் சக்கையை ஈரத்தோட மெத்தை மாதிரி பரப்பி, அதுமேலதான் கட்டை. பெருசு சூடு அதிகமான நடுவுல, சிறுசு ஓரத்துல. மேல பாய், அதுக்கு மேல மண்ணு. 3 நாளிலேருந்து 5 நாள் வரைக்கும் மூடிக் கிடக்கும். அதுக்குள்ள எங்கேயாவது நூல் மாதிரி புகை கசிஞ்சா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுந்து வந்து மண்ணு அள்ளிப் பூசணும். ஏன்னா புகை வெளியே வர்ற ஓட்டை வழியா காத்து உள்ளே போகும், கங்கு மறுபடியும் தீயாகும், நாலு டன் கட்டையும் கரியாகும். அப்பதான் அம்மா சொன்ன கருகல் வாடை வரும். அதாவது, கலை தெரியாதவன் காய்ச்சினா வர்றதைக் காட்டி, கலையே இல்லைன்னு சொல்லிட்டீங்க!

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நல்ல மெஸ்கால்ல புகை முன்னால வந்து நிக்காது. பின்னால நிக்கும். முன்னால கற்றாழை வரும், எந்த ஊருன்னு வரும். சாந்தா கதரீனா மீனாஸ் பக்கம் மண்பானையில வடிக்கிறாங்க, சாந்தியாகோ மதத்லான் பக்கம் செம்பு வாலை. ஒரே எஸ்பதீன் கற்றாழையா இருந்தாலும் ரெண்டும் ரெண்டு குணம்.

குழியைத் திறந்த பிறகும் வேலை முடியலை. குதிரை இழுக்கிற கல் சக்கரத்துல நசுக்கி, மூடாத மரத்தொட்டியில ஊறல் போடுவாங்க. கடையில வாங்கின ஈஸ்ட் கிடையாது, காத்துல வர்றதுதான். தண்ணி சூடு தாண்டினா அது செத்துடும். பனிக்காலம்னா ஒரு வாரத்தையும் தாண்டி மந்தமா இழுக்கும். தொட்டியில காது வச்சா சடசடன்னு சத்தம் கேட்கும். சத்தம் அடங்கி, இனிப்பு போய்ப் புளிப்பும் கசப்பும் வந்த உடனே வாலைக்கு ஏத்தணும். அசந்தா அத்தனையும் காடி. அடுத்து வடி. முதல்ல வர்ற தலைச் சரக்கு தனி, நடு தனி, வால் தனி. அடுப்புத் தீ தூக்கினா சக்கை அடிப்பிடிக்கும். வீரியம் சரியா இருக்கான்னு பார்க்கக் காய்ச்சுறவர் மீட்டர் தேட மாட்டார். மூங்கில் மாதிரி ஒரு குழல்ல உறிஞ்சி, ஹீக்கராங்கிற குடுவையில பீய்ச்சுவார். நுரை முத்து முத்தா நின்னா 45லேருந்து 55 சதவீதத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம். டக்குன்னு உடைஞ்சா தலைச் சரக்கையோ வால் சரக்கையோ கொஞ்சம் கலந்து சரி பண்ணுவார். தண்ணியை ஊத்திச் சரிக்கட்டுற ஆளு இல்லை அவரு.

இப்ப ஊற்றும் கைக்கு வருவோம். நியூயார்க்குல 2007ல ஃபில் வார்டுங்கிற பார்காரர் வஹாகா ஓல்ட் ஃபேஷன்ட்னு ஒரு காக்டெயில் கலந்தாரு, அதுதான் மெஸ்காலை உலகத்துக்குக் காட்டிச்சுன்னு எதிரணி மார் தட்டினாங்க. நல்ல கலவைதான், மறுக்கலை. ஆனா அதுல டெக்கீலா 45 மில்லி, மெஸ்கால் 15 மில்லி! கற்றாழைப் பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ்ங்கிற கசப்புச் சாறு கொஞ்சம். மூணு பங்கு இருக்கிற டெக்கீலாவை மறந்துட்டு, ஒரு பங்கு மெஸ்காலுக்காக ஊரு பேரையே வச்சாங்க பாருங்க. அந்த 15 மில்லிதான் பேசுது. அதைப் பேச வச்சது யாரு? கலக்கினவரா, ராத்திரி ரெண்டு மணிக்கு மண்ணு பூசினவரா?

புழு போட்ட புட்டியைக் கொண்டுவந்து காட்டுனீங்களே, அதுவும் 20ஆம் நூற்றாண்டு நடுவுல வந்த வியாபார உத்தி. அந்துப்பூச்சியோட குட்டி அது. காய்ச்சுறவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கோழிக்கு இருக்கிற மரியாதை அதுக்குக் கிடையாது!

தம்பி மணி அடிச்சுட்டாரு. ரெண்டே நிமிஷம்.

எஸ்பதீன் 6லேருந்து 8 வருஷத்துல முத்தும். தெபெஸ்தாதேன்னு ஒரு காட்டுக் கற்றாழை, பாறை இடுக்குல வளரும், முத்துறதுக்கு 25 வருஷம்கூட ஆகும். கற்றாழை வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்ததும் செத்துப்போகும். சேர்த்து வச்ச சர்க்கரை மொத்தத்தையும் அந்தப் பூந்தண்டுக்கே கொடுத்துடும். அதனாலதான் தண்டு கிளம்பினதும் வெட்டிடுறாங்க. வெட்டினா சர்க்கரை கட்டையிலேயே தங்கும். ஆனா எல்லாத்தையும் வெட்டிட்டா விதை எங்கேருந்து வரும்? தேன் குடிக்கிற வௌவால் எங்கே போகும்? அதுக்குன்னு சில பேரு நல்ல முத்தின செடியாப் பார்த்துப் பூக்க விட்டுடுறாங்க. வித்தா காசு. விட்டா வௌவாலுக்கு. விட்டுட்டுப் போறாங்கய்யா!

அந்த விதையை முளைக்க வச்சு மலையில நட்டுட்டு வர்றாரு ஒரு கிழவர். 60 வயசுக்கு மேல. தான் வெட்ட மாட்டோம்னு அவருக்குத் தெரியும். மகன் எல்லை தாண்டி கலிபோர்னியாவுல பாத்திரம் கழுவப் போயிட்டான். வருவானா, மாட்டானா? தெரியாது. ஆனாலும் நடுறாரு. பேத்தி கல்யாணத்துக்கு வடிக்கணும்னு நடுறாரு. தன் சாவுக்கு வர்றவங்களுக்கு ஊத்தணும்னு நடுறாரு. அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம்னாலும் மெஸ்கால், துக்கவீடுன்னாலும் மெஸ்கால். முதல் சில சொட்டை மண்ணுல விட்டுட்டுத்தான் வாயில வைப்பாங்க. இதை எந்த பார்ல, எந்தக் கிளாஸ்ல, எத்தனை ஐஸ்கட்டி போட்டுக் கொடுத்துட முடியும் ஐயா?

எதிரணித் தலைவர் அடுத்து வர்றாரு. அவருகிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்க பார் மெனுவில கலந்தவர் பேரு இருக்கும், கலவைக்கு வச்ச பேரு இருக்கும், விலை கட்டாயம் இருக்கும். காய்ச்சினவர் பேரு, அவரு ஊரு, கற்றாழை வகை, மண்பானையா செம்பு வாலையா, எத்தனை சதவீதம், இந்த அஞ்சும் இருக்கிற ஒரே ஒரு மெனுவை இந்த மேடையில காட்டச் சொல்லுங்க. காட்டிட்டா, நான் அந்த அணியிலேயே போய் உக்காந்துக்கிறேன். கோழியையும் கூட்டிட்டுப் போறேன். நன்றி, வணக்கம்!