குடலின் உட்சுவரை மரபணுவால் சரிசெய்ய முடியுமா?

(மேலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பெருங்குடல் புண் நோய், அதாவது அல்சரேட்டிவ் கோலைடிஸ் வந்தவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தேடும். ரத்தமும் சளியுமாகப் போவதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, மூலம் என்று மறைத்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அவர்கள் என்னிடம் கேட்பது: "ஜீன் தெரபி வந்திருச்சாமே, புண்ணை ஆத்திடுமா?" ஜீன் தெரபி என்றால் மரபணு சிகிச்சை: செல்லுக்குள் நல்ல மரபணுவைச் செலுத்துவது, அல்லது பழுதானதைத் திருத்துவது.

குடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒரே அடுக்கு செல். அதற்கு இந்தப் பக்கம் சாப்பாடும் கோடானுகோடி பாக்டீரியாவும், அந்தப் பக்கம் நம் ரத்தம். மேலே இருக்கும் செல்கள் நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். சுவரில் உள்ள நுண்ணிய குழிகளிலிருந்து புதுச் செல்கள் ஏறி வரும். அந்தக் குழியின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்தான் எல்லாவற்றுக்கும் தாய். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007இல் எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து அதை இனம் கண்டார்கள்.

சிக்கலே இங்கேதான். மரபணுவைச் சுமந்து போகும் வண்டியாக ஒரு வைரஸைப் பயன்படுத்தி, அதை வாய்வழியாக அனுப்பினால் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும் சிதைக்கும், சளிப்படலம் மறிக்கும். தப்பிப் போய் மேல்செல்லுக்குள் புகுந்தாலும் அந்தச் செல்லே சில நாளில் உதிர்ந்துவிடுகிறது. பெரியாறு பாசன விவசாயிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நிற்கிற பயிருக்குச் செய்தது அந்தப் போகத்தோடு சரி, விதைநெல்லை மாற்றினால்தான் அடுத்த போகத்துக்கும் நிற்கும்.

அதனால் அந்த ஸ்டெம் செல்லையே வெளியே எடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். 2009இல் தோஷிரோ சாட்டோ, கிளெவர்ஸ் ஆய்வகத்தில், ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடல் ஒன்றைக் கிண்ணத்தில் வளர்த்தார். 2013இல் அங்கேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலையும் குடலையும் பாதிக்கும் பரம்பரை நோய் உள்ளவர்களின் குடல் ஸ்டெம் செல்லில் பழுதான மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு திருத்தினார்கள். திருத்திய குட்டிக் குடலுக்கு மருந்து கொடுத்ததும், அது தண்ணீர் சுரந்து உப்பியது. செத்துக் கிடந்த வேலை திரும்ப வந்துவிட்டது! அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 2022 ஜூலையில் டோக்கியோ மருத்துவர்கள் கோலைடிஸ் நோயாளி ஒருவரின் சொந்தக் குடல் செல்லை வளர்த்து, எண்டோஸ்கோப் வழியே அவருடைய புண்ணிலேயே வைத்தார்கள். ஆனால் அதில் மரபணுத் திருத்தம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

கோலைடிஸுக்கு ஒரே ஒரு மரபணு காரணமில்லை. குடல் அழற்சி நோய்களோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200க்கு மேல். எதைத் திருத்துவது? பிறந்த சில நாளிலேயே ஓயாத வயிற்றுப்போக்கில் துவண்டுபோகும் குழந்தைகளுக்கு வரும் மைக்ரோவில்லஸ் நோய் வேறு. அதில் பெரும்பாலும் எம்ஒய்ஓ5பி என்ற ஒரே மரபணுதான் பழுது. மரபணு சிகிச்சை முதலில் அந்தக் குழந்தைகளுக்குத்தான் வர வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊரிலேயே செய்திருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஹீமோபிலியா என்ற, ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள ஐந்து பேருக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024இல் வெளிவந்தது. ஆனால் அது ரத்த ஸ்டெம் செல்லில் செய்தது. அந்தச் செல்லை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் போதும், எலும்பு மஜ்ஜையைத் தானே தேடிப் போய்விடும். குடல் செல்லுக்கு அந்தத் திறமை கிடையாது, புண் இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் ஒட்ட வேண்டும்.

ஆகவே, கோலைடிஸைத் தீர்க்கும் ஸ்டெம் செல் ஊசி, ஜீன் ஊசி என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேட்டில் அந்த ஆய்வின் எண் என்ன என்று கேளுங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் மாத்திரையிலேயே நோய் அடங்குகிறவர்கள் ஏராளம், அடங்காதவர்களுக்கு அடுத்த கட்ட மருந்துகளும் உண்டு. ரத்தம் நின்றுவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.