அதிக உதிரப்போக்கு: மாத்திரையா, சாதனமா, அறுவை சிகிச்சையா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரியிடமிருந்து. வயது 42. மாதவிடாய் வந்தால் ஏழெட்டு நாள் உதிரம் கொட்டுகிறதாம். ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை. மருத்துவர் கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் வைக்கச் சொல்கிறார், அதன் செலவு இவரை யோசிக்க வைக்கிறது. வீட்டிலோ, கருப்பையையே எடுத்துவிடு என்கிறார்களாம். மாத்திரையா, சாதனமா, அறுவை சிகிச்சையா, எது சரி என்று கேட்கிறார்.

முதலில் ஒரு கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் நிற்பது 50 வயதை ஒட்டித்தான். அப்படியானால் இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. மாத்திரையின் விலையை ஒரு மாதத்துக்குப் பார்க்காதீர்கள், அந்த ஆண்டுகள் முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். மருத்துவர் சொன்ன அந்தச் சாதனம், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரப்பது, ஒருமுறை வைத்தால் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வேலை செய்யும். அதன் விலையை அறுபது மாதங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் மலைப்பு பாதி குறைந்துவிடும்.

மாத்திரையை நான் மட்டம் தட்டவில்லை. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை உதிரப்போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். உதிரம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போதும், அதில் ஹார்மோனும் கிடையாது. ஆனால் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. சாதனம் அதைவிட அதிகமாகக் குறைக்கும், சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். பயப்படாதீர்கள், உதிரம் உள்ளே தேங்குவதில்லை. கருப்பையின் உள்வரி மெலிந்துவிடுவதால் கொட்டுவதற்கு எதுவும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு பலருக்கு இடறுவது சாதனம் வைத்த புதிதில், மூன்றிலிருந்து ஆறு மாதம் வரைதான். விட்டுவிட்டுத் துளித்துளியாக உதிரம் படும். 'காசு கொடுத்துத் தொல்லையை வாங்கினேனே' என்று சிலர் சாதனத்தை எடுத்துவிடுவார்கள். செலவும் போய், பலனும் கிடைக்காது. பிரிட்டனில் 571 பெண்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் சாதனத்தைத் தொடர்ந்தவர்கள் 64 சதவீதம், மாத்திரைகளைத் தொடர்ந்தவர்கள் 38 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாதனத்தையும் விட்டிருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். அந்த ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

கருப்பையை எடுத்தால் உதிரப்போக்கு நிச்சயமாக நிற்கும். ஆனால் மயக்க மருந்து, அறுவை சிகிச்சைக்கே உரிய ஆபத்துகள், பல வார ஓய்வு, அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பது என்பதெல்லாம் செலவுதான். வீட்டில் சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்தார்களா? கட்டி இல்லாத ஒருவருக்கு முதல் படியிலேயே நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, இரண்டு மாதவிடாய்க்கு இடையிலோ உடலுறவுக்குப் பிறகோ உதிரம் படுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. படுகிறது என்றால் இந்தக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உடலில் சேமித்து வைத்த இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச்சத்து இருப்பு காலியாகியிருக்கலாம்.