பெருந்தமனி கிழிந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

வேகமாகப் போகும் கார் எதிலாவது மோதிச் சட்டென்று நின்றால், நெஞ்சில் வெளிக்காயமே இல்லாதவருக்கும் உள்ளே, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான பெருந்தமனி கிழிந்திருக்கலாம். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிழியும். இதயத்திலிருந்து மேலேறி வளையும் பகுதி கொஞ்சம் அசையும். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பகுதி அசையாது. இரண்டும் சேரும் இடத்தில், இடது கைக்குப் போகும் கிளையைத் தாண்டியதும், உட்சுவர் பிளக்கிறது. வெளிச்சுவர் தாக்குப்பிடித்தால் ஆள் ஆஸ்பத்திரி வரை உயிரோடு வந்து சேர்வார்.

அப்படி வந்து சேர்பவர்கள் குறைவு. 1958-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் பார்ம்லியும் உடன் பணியாற்றியவர்களும் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அலசி, சுமார் 85 சதவீதம் பேர் உடனடியாக இறந்துவிட்டதாக எழுதினார்கள். வந்து சேர்ந்தவர்களுக்கும் நாளாக நாளாக ஆபத்து என்றார்கள். அதைப் படித்த அறுவை மருத்துவர்கள், இந்தக் காயம் என்று தெரிந்ததுமே நெஞ்சைத் திறக்க ஓடினார்கள். தலையிலும் வயிற்றிலும் அடிபட்டுக் கிடப்பவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை! போதாததற்கு, தமனியைக் கவ்வி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் நேரத்தில் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து, பிழைத்தவர் சிலருக்குக் கால்கள் செயலிழந்தன.

அவசரம் எல்லாருக்கும் தேவையில்லை என்பது பின்னால்தான் தெளிவானது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் அறுவை மருத்துவர் ஃபேபியனின் குழு நோயாளிகளின் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மருந்தால் இறக்கி வைத்தது. காத்திருந்த நேரத்தில் அவர்களில் யாருக்கும் தமனி வெடிக்கவில்லை என்று 1998-ல் எழுதினார்கள். மற்ற காயங்களை முதலில் கவனிக்க அவகாசம் கிடைத்தது. என்னைக் கேட்டால், இத்துறையில் அதிக உயிர்களைக் காத்த பாடம் இதுதான்.

அப்புறம் ஸ்டென்ட். 1987-ல், அன்றைய சோவியத் யூனியனில் இருந்த கார்கிவ் நகரில் அறுவை மருத்துவர் வொலோதஸ் அதைச் செய்து காட்டினார். தொடைத் தமனி வழியாகத் துணி போர்த்திய குழாயை மேலே செலுத்திக் கிழிசலை உள்ளிருந்தே மூடுவது. மற்ற நாடுகளில் இது பரவ வெகுகாலம் ஆனது. அமெரிக்க விபத்துக்காய அறுவை மருத்துவர் சங்கம் இரண்டு முறை பல மருத்துவமனைகளின் கணக்கைத் திரட்டியது. 1997-ல் 274 நோயாளிகள், 2008-ல் 193. இடைப்பட்ட காலத்தில் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 13-க்கும், கால் செயலிழப்பு 8.7-லிருந்து 1.6-க்கும் இறங்கின.

ஒரு மருத்துவமனைக்கு இப்படிப்பட்டவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். தனியாக யாரும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் அயோர்டிக் ட்ராமா ஃபவுண்டேஷன் என்ற பெருந்தமனிக் காய அமைப்பு பல மையங்களின் பதிவுகளை ஒன்றுசேர்ப்பது அதனால்தான். உட்சுவரில் சின்னக் கீறல் மட்டும் என்றால் மருந்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவருக்குள் ரத்தம் கட்டியிருந்தால் ஸ்டென்ட் வைப்பதா, காத்திருப்பதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

எனக்குக் கவலை தருவது வேறு. அடிபடுபவர்களில் பலர் இளைஞர்கள். வயது ஏற ஏறத் தமனி விரியும். உள்ளே வைத்த குழாய் அதற்கேற்ப வளராது. உடம்பு தேறியதும் அவர்கள் மறு ஸ்கேனுக்கு வருவதில்லை. அதனால் இளம் டாக்டர்களிடம் சொல்லிவருகிறேன்: வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அடுத்த ஸ்கேன் தேதியை எழுதுங்கள், கூட வந்திருக்கும் அம்மாவிடமும் அதைச் சொல்லி அனுப்புங்கள்.