ஏழு பட்டை வந்துவிட்டது! எங்கள் கயிறு பஸ்ஸுக்கு ஐந்தாவது மாதம்

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையலும் கிடையாது, மாடித் தோட்டமும் கிடையாது. தக்காளிச் செடி என்ன ஆச்சு என்று கேட்டிருந்தீர்கள், அதை அடுத்த வாரம் சொல்கிறேன். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். பள்ளி வாசலில் ஜீப்ரா கிராசிங் போட்டுவிட்டார்கள்! ஐந்து மாதமாக நம் சேனலில் நான் கத்திக்கொண்டிருந்தேனே, அதே இடம்தான். எங்கள் கயிறு பஸ், அதாவது ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்குப் போகும் பிள்ளைக் கூட்டம், ரோட்டைக் கடக்கும் இடம். பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்காரர் பால் பாக்கெட் வாங்கப் போனவர் போன் பண்ணினார். "பெயிண்ட் வண்டி நிக்குது, சீக்கிரம் வா." நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நான் ஏதோ டப்பா பெயிண்டும் பிரஷ்ஷும் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூள். அதை ஒரு தொட்டியில் கொட்டி, கேஸ் சிலிண்டர் வைத்துக் காய்ச்சுகிறார்கள். கிட்டத்தட்ட 200 டிகிரி சூடாம். அல்வா பதத்தில் உருகியதும் ஒரு தள்ளுவண்டிப் பெட்டியில் ஊற்றி இழுத்தார்கள், தார் ரோட்டில் பட்டை அப்படியே வழவழவென்று விழுந்தது. ஆவி பறக்கிறது. அது ஆறுவதற்குள் ஒரு அண்ணன் அதன் மேல் எதையோ தூவினார். என்னவென்று கேட்டேன், உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுக் காட்டினார். பொடி ரவை மாதிரி கண்ணாடி மணிகள்! வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டுத் திரும்பி ஓட்டுநர் கண்ணுக்கே வரும். ராத்திரியிலும், மார்கழிப் பனியிலும் கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான். போன வருஷம் அடித்த சாதாரண பெயிண்ட் இரண்டு மழைக்கே போய்விட்டது, உங்களுக்கு நினைவிருக்கும்.

எண்ணினேன். ஏழு பட்டை. இன்ச் டேப் வைத்து அளந்தும் பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக்கு மேலேயே அகலம் இருக்கிறது. அந்த ஏழு பட்டையையும் வீடியோவில் தனித்தனியாகக் காட்டுவேன், யாரும் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். நான்கு மனு, இரண்டு முறை நேரில், ஒரு முறை பிள்ளைகளே எழுதிய கடிதம். அதற்குப் பிறகு வந்த பட்டைகள் இவை.

சரி, புதிதாக வந்தவர்களுக்கு. எங்கள் தெருவில் ஜூன் மாதத்திலிருந்து ஒரு நடை பஸ் ஓடுகிறது. வண்டி கிடையாது. பிள்ளைகள் கூட்டமாக நடந்து பள்ளிக்குப் போவார்கள், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். பஸ் மாதிரியே நிறுத்தமும் நேரமும் உண்டு. பிள்ளையார் கோயில் 8:10, ரேஷன் கடை 8:15, தண்ணீர்த் தொட்டி 8:22. நேரத்துக்கு நிற்காத பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை. அதில் நான் கறார். மொத்தம் 900 மீட்டர், பொடிசுகளோடு 18 நிமிஷம். ஒன்பது பிள்ளைகள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1990களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் எங்விச்ட் என்பவர் முன்வைத்த யோசனை, அப்புறம் பல நாடுகளுக்குப் பரவியது. ஜப்பானில் பல ஊர்களில் பிள்ளைகள் தெரு வாரியாகச் சேர்ந்து நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். மூத்த வகுப்புப் பிள்ளை தலைமை தாங்கும், சின்னதுகள் தலையில் மஞ்சள் தொப்பி. அந்த மஞ்சள் தொப்பி எனக்கு அவ்வளவு பிடிக்கும்! நம் ஊரில் எந்தக் கடையிலும் ஒரே மாதிரி ஒன்பது தொப்பி கிடைக்கவில்லை.

பிள்ளைகள் இதைக் கயிறு பஸ் என்றுதான் சொல்வார்கள். ஒரு நீளக் கயிறு, முழங்கை தூரத்துக்கு ஒரு முடிச்சு, ஆளுக்கு ஒரு முடிச்சு. கயிற்றைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன், போன வீடியோவில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நைலான் கயிறு வாங்காதீர்கள். முதல் வாரம் நைலான்தான் வைத்திருந்தோம், ஒரு குட்டி தடுக்கியதில் இரண்டு பேர் கையை அறுத்துவிட்டது. இப்போது இருப்பது பருத்திக் கயிறு, மீட்டர் 28 ரூபாய்.

ரூபாய் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த ஒளிரும் டேப்! புத்தகப் பையில் தைப்பதற்கு. ஒரு பெரிய கடையில் மீட்டருக்கு 120 ரூபாய் சொன்னார்கள். நூற்று இருபது! ஒன்பது பைக்கு நான்கரை மீட்டர் வேண்டும். நான் வாங்காமல் வந்துவிட்டேன். நம் சைக்கிள் கடை பாயிடம் கேட்டால் 35 ரூபாய். அதே டேப்தான், அதே தேன்கூடு டிசைன். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், அப்படி மின்னுகிறது. 120க்கும் 35க்கும் என்ன வித்தியாசம் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. உங்கள் ஊரில் என்ன விலை என்று கமெண்டில் கட்டாயம் போடுங்கள். டேப்பைப் பையின் பின்பக்கம் மட்டும் தைத்தால் போதாது, தோள்பட்டையிலும் தைக்க வேண்டும். எதிரே வரும் வண்டிக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

காலையில் என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லையே. 8:26க்குக் கிராசிங்கில் நிற்கிறோம். டவுன் பஸ் வந்தது. அந்த ஓட்டுநர் அண்ணன் பட்டைக்கு முன்னாலேயே பிரேக் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்கப்பா" என்றார். ஒன்பது முடிச்சும் நகர்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் அதே நேரத்தில் பஸ்ஸின் வலப்பக்கமாக ஒரு பைக் ஒடித்துக்கொண்டு வந்தது பாருங்கள். நான் விசிலை ஊதினேன், அவர் காலைத் தேய்த்து நின்றார்.

இதனால்தான் பிள்ளைகளிடம் "பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எதைப் பார்ப்பது? வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கும் திறமை அந்த வயதில் முழுசாக வந்திருக்காது. உயரமும் பத்தாது, ஓரத்தில் ஒரு கார் நின்றால் அவனுக்கு ரோடு தெரியாது, ரோட்டில் வருகிறவருக்கு அவன் தெரிய மாட்டான். ஒரு நாள் நானே முட்டி போட்டு அவன் உயரத்தில் போனை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். முழுக்க பம்பரும் டயரும்தான். வண்டிதான் மெதுவாக வர வேண்டும். பிள்ளைகளும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே எங்களுடைய அடுத்த மனு, மேடான கிராசிங். நடைபாதை மட்டத்துக்கு ரோட்டையே உயர்த்திப் பட்டை போடுவது. ஏறி இறங்கித்தான் போக வேண்டும், வேறு வழியே இல்லை.

நெதர்லாந்தைப் பற்றி எல்லோரும் சைக்கிள் நாடு என்று சொல்வார்கள். 1971இல் மட்டும் அங்கே 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் இறந்திருக்கிறார்கள். அப்பா அம்மாக்கள் தெருவில் இறங்கி, "குழந்தைக் கொலையை நிறுத்து" என்றே இயக்கத்துக்குப் பெயர் வைத்துப் போராடினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது. டென்மார்க்கில் ஓடன்ஸே நகரம் 1970களிலேயே பள்ளிக்குப் போகும் வழிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1969இல் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள், 2009இல் அது 13 சதவீதமாகிவிட்டது. அங்கே 2005இல்தான் மத்திய அரசு இதற்கென்று தனித் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது.

நாமும் நடையை விட்டுவிட்டு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. நடக்கிற தூரத்தில் பள்ளியை வைத்துவிட்டு, அந்தத் தூரத்தை நடக்க முடியாதபடி வாசலில் காரை இரண்டு வரிசையாக நிறுத்தினால் எப்படி? ரோடு பயமாக இருக்கிறது என்று காரில் கொண்டுவருகிறார்கள், அந்தக் கார்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பயம். லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்களைக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். எங்கள் பள்ளித் தெருவில் அரை மணி நேரம் அப்படிச் செய்தால் போதும். கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று. ஒன்பதாவது படிக்கிற பையனிடம் ஸ்கூட்டியைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம். 2019இல் திருத்திய சட்டப்படி சிறுவர் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அவன் வரும் வேகத்தில் எங்கள் கயிறு கிராசிங்கில் இருக்கிறதே!

அந்த வயதுக்குச் சைக்கிள் போதும். என் அம்மாவைப் பற்றி முன்பு ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறேன். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம், எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மா அப்போது கற்றவர்தான். பார் வைத்த ஆண்கள் சைக்கிள். அந்த பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துப் பள்ளியில் விடுவார். பெல் அடிப்பது என் வேலை.

நம் மாநிலத்தில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததில், பெண்பிள்ளைகள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஒரு சைக்கிள் அவ்வளவு செய்யும்.

என் நாத்தனார் மகளுக்கு இந்த வருஷம் வந்தது. ஓட்டத் தெரியும், ஆனால் ரோட்டில் ஓட்டத் தெரியாது. நெதர்லாந்தில் தொடக்கப்பள்ளி முடிவதற்குள் நிஜ ரோட்டிலேயே சைக்கிள் தேர்வு வைக்கிறார்கள். அதனால் போன ஞாயிறு தேர்முட்டித் திடலில் நாங்களும் வைத்தோம். சுண்ணாம்பில் நேர்க்கோடு போட்டேன். கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு, வலது தோள் வழியாகத் திரும்பி, நான் பின்னால் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை திரும்பியதும் சைக்கிள் அவள் திரும்பிய பக்கமே போய்விட்டது. கழுத்தை மட்டும் திருப்பு, தோளை விடு, முழங்கையைத் தளர்த்து என்று சொல்லிச் சொல்லி, பதினோராவது தடவை "மூணு" என்றாள், சக்கரம் கோட்டை விட்டு நகரவில்லை! வலப்பக்கம் திரும்பும் முன் இந்த ஒரு பழக்கம் இருந்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். வேன் கட்டணம் மாசம் 1,400 ரூபாய் மிச்சம் என்று ஜூனில் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு பங்கைப் போட்டு எல்லோருக்கும் மழைக்கோட்டு வாங்கியாகிவிட்டது. மழையில் கயிறு பஸ் எப்படி ஓடுகிறது என்பது அடுத்த வீடியோ.

இன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடை அக்கா வந்தார். அவர் மகன் இரண்டாம் வகுப்பு, இத்தனை நாள் அனுப்பப் பயந்தவர். "நாளைக்கு எங்க நிக்கணும்?" என்று கேட்டார். ரேஷன் கடை, 8:15 என்றேன். அவனுக்கு இப்போது பத்தாவது முடிச்சுப் போட வேண்டும். கயிறு மிச்சம் முக்கால் மீட்டர்தான் இருக்கிறது, போதும் என்று நினைக்கிறேன். போட்டுவிட்டு வருகிறேன்.