ஜேசிபிக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். இடித்த கட்டடத்தின் ரப்பிஷை மறுபடி கட்டுமானத்துக்குக் கொண்டுவருவது என்றதும் எல்லோரும் அரவை ஆலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தப் பொருள் தேறுமா தேறாதா என்பது ஜேசிபி வாசலுக்கு வரும் அன்றே முடிவாகிவிடுகிறது.

ஒயரும் குழாயும் முதலில் கழற்றப்பட வேண்டும், பிறகு நிலை, கதவு, ஜன்னல். தேக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், பழைய மரக்கடைக்காரர் தேடி வருவார். பலரும் விட்டுவிடுவது ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை. அது கான்கிரீட்டோடு சேர்ந்து அரைபட்டால், அதிலுள்ள சல்பேட் புதுக் கலவையின் சிமெண்டோடு வினைபுரிந்து உள்ளிருந்தே உப்பி, விரிசல் விடும். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நனைத்து, உடையாமல் முழுசாக இறக்குங்கள். அவை அரவைக்குப் போகவே கூடாது.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரென்றால் செங்கலைக் கொத்திச் சுத்தம் செய்து திரும்பக் கட்டலாம். சிமெண்டுக் கலவையில் கட்டியிருந்தால், பிரிக்கும்போது பெரும்பாலும் செங்கல்தான் உடையும். அதை நொறுக்கி நிரவலுக்குப் போடுவதே வழி.

கான்கிரீட்டை அரைத்து எடுத்த ஜல்லிக்கு, ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383 (2016) இடம் தருகிறது. எம்25, எம்15 என்பவை கான்கிரீட்டின் வலுத் தரங்கள்; எண் கூடினால் வலு கூடும். மொத்த ஜல்லியில் இதன் பங்கு, எம்25 வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, கம்பியில்லாததில் 25 சதவீதம், எம்15க்கும் குறைந்த கலவையில் முழுவதும். சிக்கல் தண்ணீரில்தான். பழைய காரை ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி கருங்கல் ஜல்லியைவிடப் பல மடங்கு நீர் குடிக்கும். ஒரு கனமீட்டரில் 1,100 கிலோ ஜல்லி என்றால் 20 சதவீதம் 220 கிலோ; 5 சதவீதம் உறிஞ்சினாலே 11 லிட்டர் போய்விடும். கலவை இறுகுகிறதே என்று கொத்தனார் கண்ணளவில் தண்ணீர் ஊற்றுவார், வலு குறையும். முதல் நாளே ஜல்லியை நனைத்து வடியவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு, கட்டுமான, இடிப்புக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2026 ஏப்ரல் முதல் புதிய மத்திய விதிகள் சுமத்துகின்றன. சிறு வீடுகளில் நிலைமை வேறு. இடிப்புக் காண்ட்ராக்டர் கம்பியையும் மரத்தையும் தன் கூலியில் கழித்துக்கொள்கிறார். நாள் குறைந்தால் அவருக்கு லாபம். ஆகவே பிரித்தெடுக்க எத்தனை நாள், அதற்குத் தனிக் கூலி எவ்வளவு, லோடு எங்கே இறங்கும், எடைச்சீட்டை யார் தருவது என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.